மாணாக்கர் திரட்டேடு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டார் வழங்கும் பழமொழி. சோற்றின்கண் அது முற்றும் பொருந்தும். என்னை? பானையில் இட்ட அரிசி அனைத்தும் ஒரே நெல்லின் அரிசி; ஒரே உலையில் ஒரே பொழுதில் வெந்தது. ஆதலின் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்து ஏனையவற்றின் பதம் அறிதல் தகும். ஒரு மாணாக்கனது கல்வியோ அத்தகையதன்று. ஆனித் திங்களில் அவனுக்கு விளங்காத கணக்கு ஐப்பசியில் விளங்கும். வாயாற் கூறவல்லதனை அவன் எழுதவல்லனாகான். எழுதவல்லதனைத் தேர்வு நாளன்று காய்ச்சலால் எழுதாது போதலும் உண்டு. இவ்வாறு பல பதமாய் வளரும் ஓராண்டின் கல்வியை மூன்று மணி நேரத்தில் எழுதப்பெறும் விடைத்தாளொன்றால் அளந்தறியும் வழக்கம் நம் பள்ளிகளில் வேரூன்றி நிற்கின்றது. அவ்வழக்கத்தை அடியோடு களையவேண்டும் என்பது எம் கருத்தன்று. அதனோடு உடனிருந்து அதன் குறையை நிறைக்கவல்லதாகிய திரட்டேடு என்னும் முறை யாது, நம் நாட்டில் அஃது எவ்வாறு நடைபெற்றது, எவ்விடத்துத் தவறிற்று, எவ்வாறு கொள்ளின் பயன்படும் என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரட்டேடு என்று ஈண்டுக் கூறியது ஆங்கிலத்தார் போர்ட்போலியோ என வழங்குவதனையே. அச்சொல் இத்தாலிய மொழியினின்று பிறந்தது. ஏடு சுமப்பது என்பது அதன் பொருள். தனித்தனித் தாள்களைக் கெடாமல் வைத்து எடுத்துச் செல்லும் உறைக்கு அது பெயராயிருந்தது. ஓவியரும் கட்டடக் கலைஞரும் தம் படைப்புக்களை அவ்வுறையுள் வைத்துப் பிறர்க்குக் காட்டிவந்தமையால், நாளடைவில் அப்படைப்புக்களின் தொகுதிக்கே அப்பெயர் ஆயிற்று. பின்னர்க் கல்வித்துறையாரும் அதனை மேற்கொண்டனர். பள்ளித் திரட்டேடாவது, ஒரு மாணாக்கன் ஒரு பருவத்தில் தான் செய்தவற்றுள் சிலவற்றைத் தானே தெரிந்தெடுத்து, நாள் குறித்து வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் தெரிந்தெடுத்ததன் காரணத்தைத் தன் சொல்லால் எழுதி, ஆசிரியரோடு உடனிருந்து படித்துக் காட்டும் தொகுதி. மாணாக்கன் என்றது மாணாக்கியரையும் உட்படுத்தியே என்க. சேர்த்தல், தெரிதல், காரணங் கூறல், உடனிருந்து படித்தல் என இதன் உறுப்புக்கள் நான்கு. இவற்றுள் முதலாவதொன்றே இருந்து ஏனைய மூன்றும் இல்லையாயின், அதனைப் பழந்தாட் கட்டு எனலாமேயன்றித் திரட்டேடு எனல் பொருந்தாது.

தமிழ் பயில்வார்க்கு இக்கருத்து அயலானதன்று. நம் முன்னோர் அருமையுற வைத்துச் சென்ற செல்வமாகிய எட்டுத்தொகை நூல்கள் யாவும் தொகுக்கப்பெற்றனவே. அத்தொகைகள் கண்டன கண்டவாறு அள்ளிச் சேர்க்கப்பட்டன அல்ல. பெரும்பான்மையும் 4 முதல் 8 அடிகாறும் உள்ள அகப்பாடல்கள் குறுந்தொகையாயின. 9 முதல் 12 அடிகாறும் உள்ளன நற்றிணையாயின. 13 முதல் 31 அடிகாறும் உள்ளன அகநானூறாயின. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்றும், அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி என்றும் பழங்குறிப்புக்கள் கூறுகின்றன. இவற்றால் நாம் அறிவன மூன்று: தொகைக்கு ஓர் அளவு வேண்டும், தெரிந்தெடுப்பான் ஒருவன் வேண்டும், தெரிந்ததனை ஏற்று மதிப்பான் ஒருவன் வேண்டும். பள்ளிச் சிறுவனது திரட்டேட்டிற்கும் இம்மூன்றுமே வேண்டப்படுவன. தொகுப்போன் மாணாக்கன்; தொகுப்பிப்போர் ஆசிரியர்.

இன்னும், நன்னூற் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் கல்வி நிரம்பும் வகையைக் கூறுமிடத்து, ஆசிரியர் உரைத்ததனை நன்கு கேட்பதனால் வருவது காற்கூறே என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வரும் என்றும், எஞ்சிய அரைக்கூறு பிறர்க்கு எடுத்துரைத்தலால் வரும் என்றும் வரையறுத்தார். நம் தேர்வுமுறை அளப்பது பெரும்பாலும் முதற் காற்கூற்றையே. தான் செய்ததனைத் தானே எடுத்துக்காட்டி, 'இதனை இவ்வாறு செய்தேன்; இவ்விடத்துப் பிழைத்தேன்; பின்பு இவ்வாறு திருத்தினேன்' என மாணாக்கன் உரைக்குங்கால் நிகழ்வது அவ்வரைக்கூறு. திரட்டேட்டின் உயிர்நிலை ஈண்டு உள்ளது.

பழைய திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். கை படிந்த பின்னர் எழுத்தாணி பிடித்துப் பனையோலையில் எழுதினர். மணலில் எழுதியது அன்றே அழிந்தது. ஓலையில் எழுதியது சுவடியாய் நின்றது. ஆத்திசூடி தொடங்கி எண்சுவடி ஈறாகத் தான் எழுதிக் கற்ற ஏடுகளே ஒருவனது கல்வியின் அளவைக் காட்டின. அப்பள்ளிகளில் எல்லாக் குலத்துச் சிறார்க்கும் இடம் இருந்ததில்லை என்பதும், மனப்பாடமே அவற்றில் மிக்கிருந்தது என்பதும் மறக்கற்பாலன அல்ல. ஆயினும் அவற்றின் மணலெழுத்து உலகப் புகழ் பெற்றது. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆண் அனாதைச் சிறார் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நம் சிறுவர் மணலில் எழுதுதலைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் மேற்கொண்டார். மூத்த சிறுவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை அங்கு வளர்த்து, 1797இல் இலண்டனில் அதுபற்றி நூலொன்று வெளியிட்டார். மதராஸ் முறை என்னும் பெயரால் அஃது ஆங்கில நாட்டிற் பரவிற்று. மேனாடு சென்றது மணலும் சட்டாம்பிள்ளை முறையுமே. மாணாக்கன் தன் சுவடியைத் தானே உருவாக்கி வைத்திருக்கும் வழக்கம் நம் நாட்டிலும் மறைவதாயிற்று.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் மெட்ரிகுலேஷன் தேர்வே பள்ளிக் கல்விக்கு எல்லைக்கல்லாயிற்று. அதன் குறை உணர்ந்தே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஸ்.எஸ்.எல்.ஸி. என்னும் பள்ளியிறுதிச் சான்றிதழ் முறை சென்னை மாகாணத்தில் வந்தது. அச்சான்றிதழ் ஒரு புத்தகமாகவே வழங்கப்பட்டது. பொதுத்தேர்வில் பெற்ற மதிப்பெண்ணோடு, பள்ளியில் பயின்ற காலத்துப் பெற்ற மதிப்பெண்களும் அதன்கண் எழுதப்பட்டன. எஸ்.எஸ்.எல்.ஸி. புத்தகம் என்று நம் பாட்டனார் காலத்தவர் பேணி வைத்திருந்தது இதுவே. ஒரு நாள் எழுதிய விடையோடு பல நாட் பயின்ற பயிற்சியும் சான்றாகல் வேண்டும் என்ற எண்ணம் நம் மாகாணத்திற்குப் புதியதன்று என்பது இதனால் விளங்கும். ஆனால் அப்புத்தகத்திலும் இருந்தன எண்களே. மாணாக்கன் செய்த பொருள் ஒன்றும் அதில் இல்லை.

இனி அண்மைக் காலத்து நிகழ்ந்தன காண்போம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றல் என்னும் முறை தொடங்கப்பட்டது. ஆந்திர நாட்டு ரிஷிவேலியில் வளர்ந்த முறையினைத் தழுவியது அது. 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் அது விரிந்தது. பாடங்கள் சிறு சிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டு, கற்றல் ஏணியில் ஒவ்வொரு குழந்தையும் தன் படியைத் தானே கண்டு ஏறுமாறு அமைக்கப்பட்டன. வகுப்பறையின் மேலே கம்பிப் பந்தல் கட்டி, குழந்தைகள் வரைந்தனவும் செய்தனவும் அதில் தொங்கவிடப்பட்டன. வருகைப் பதிவையும் குழந்தைகளே குறித்தனர். கற்போன் தன் கல்வியின் கணக்கைத் தானே வைத்தல் கூடும் என்பதனை இக்கம்பிப் பந்தலும் ஏணியும் நம் ஏழை வீட்டுக் குழந்தைகளைக் கொண்டே மெய்ப்பித்தன.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையின் அறிவையும் அதனைப் பயன்படுத்தும் ஆற்றலையும் தொடர்ந்தும் முழுமையாகவும் மதிப்பிடுதல் வேண்டும் என்று விதித்தது. அதற்கிணங்க 2012-13இல் 1 முதல் 8 வகுப்புக்களுக்கும், அடுத்த ஆண்டில் 9ஆம் வகுப்பிற்கும், முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் தமிழ்நாட்டில் வந்தன. ஒவ்வொரு பருவத்தும் 100 மதிப்பெண்ணில் 60 பருவ இறுதித் தேர்வுக்கு உரியது; 40 வளரறி மதிப்பீட்டிற்கு உரியது. அந்நாற்பதில் 20 மாணாக்கர் செய்யும் செயல்களுக்கும் 20 சிறு தேர்வுகளுக்கும் ஒதுக்கப்பட்டன. செய்த செயல்களின் சான்றுகளைத் தொகுத்து வைத்தலும் வேண்டியதாயிற்று. இவ்வாறு திரட்டேடு நம் பள்ளிகளுள் அரசாணையின் வழியே புகுந்தது.

புகுந்ததன் விளைவு யாது? அம்முறையில் பயின்று வந்த தலைமுறையினரே இன்று கல்லூரிகளில் இருக்கும் நாம். ஆதலின் இதனைப் பிறர் கூறக் கேட்கவேண்டுவதில்லை. நல்லாசிரியர் இருந்த வகுப்புக்களில் நாம் செடி வளர்த்தோம், நாடகம் எழுதினோம், ஊர்ப்பெயர்க்குக் காரணம் தேடி முதியோரிடம் உசாவினோம். பிற இடங்களிலோ, எழுதுபொருட் கடையில் விலைக்கு விற்கும் படத்தாளை வாங்கி, வெட்டி, வண்ணத் தாளில் ஒட்டிக் கொடுத்தலே செயல் எனப்பட்டது. கணினி நிலையங்களில் அச்சிட்டு வாங்கிய பக்கங்கள் பிள்ளையின் பெயரால் வந்தன. தாயும் தமக்கையும் இரவில் விழித்திருந்து செய்த பொருள்களுக்குப் பிள்ளை மதிப்பெண் பெற்றான். பருவ முடிவில் அவை மூட்டையாகக் கட்டப்பட்டன. பார்வையிட வருவார் பொருட்டு வைக்கப்பட்டன. மறு பருவத்தில் பழந்தாளாயின. ஏன் இவ்வாறு நேர்ந்தது? ஆசிரியரையோ பெற்றோரையோ குறை கூறுதல் எளிது; அது முறையன்று. மேற்கூறிய நான்கு உறுப்புக்களுள் சேர்த்தல் ஒன்றுக்கே மதிப்பெண் இருந்தது. தெரிதற்கும், காரணங் கூறற்கும், உடனிருந்து படித்தற்கும் வகுப்பட்டவணையில் நேரம் இருந்ததில்லை. மதிப்பெண் எதன்மேல் வைக்கப்படுமோ அதுவே பெருகும். நேரம் எதற்கு இல்லையோ அது தேயும்.

பிற நாட்டார் பட்டறிவும் இதனோடு ஒத்திருக்கின்றது. அமெரிக்க நாட்டு வெர்மாண்ட் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் 4, 8 ஆகிய வகுப்பு மாணாக்கரின் எழுத்தையும் கணக்கையும் திரட்டேட்டின் வழியே மாநிலம் முழுதும் மதிப்பிட முயன்றனர். ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதனை ஆராய்ந்து, ஒரே திரட்டேட்டிற்கு இருவேறு ஆசிரியர் இடும் மதிப்பெண்கள் போதிய அளவு ஒத்திருந்தில என்று கண்டனர். ஆயினும், அம்முறையால் ஆசிரியர் கற்பிக்கும் வகை பல பள்ளிகளில் திருந்திற்று என்பதும் அங்கே அறியப்பட்டது. கென்டக்கி மாநிலத்தார் 1990இல் இயற்றிய கல்விச் சீர்திருத்தச் சட்டத்தால் எழுத்துத் திரட்டேடுகளைப் பள்ளிகளைத் தரப்படுத்தும் அளவையுள் சேர்த்தனர். 2009இல் அதனை அவ்வளவையினின்று நீக்கினர். கற்றலுக்குக் கருவியாக அது நன்மை செய்தது. பள்ளியோடு பள்ளியை நிறுத்துப் பார்க்கும் தராசாக்கியபோது இடர்ப்பட்டது. ஒரு கருவியை அதற்குரிய தொழிலிற் பயன்படுத்தல் வேண்டும் என்பதே இவற்றால் நாம் கொள்ளும் பாடம்.

அங்ஙனமாயின், திரட்டேட்டிற்குரிய தொழில் யாது? இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனைத் தெளியலாம்.

முதலாவது, கொரோனா நோய்க் காலத்தது. 2020ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளின் மதிப்பெண்ணிலிருந்து நூற்றுக்கு 80 பங்கும், வருகைப் பதிவிலிருந்து 20 பங்கும் கொண்டு மதிப்பெண் வழங்கப்பட்டது. மறு ஆண்டில் பத்தாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி பெற்றனர் என அறிவிக்கப்பட்டனர். அவர்தம் சான்றிதழில் மதிப்பெண்ணே இல்லை. அவ்வாண்டுப் பன்னிரண்டாம் வகுப்பினர்க்கோ, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 பங்கும், பதினோராம் வகுப்பிலிருந்து 20 பங்கும், பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றிலிருந்து 30 பங்கும் கூட்டி முடிவு கூறப்பட்டது. அந்நெருக்கடியில் அரசினர் வேறு செய்யக்கூடியது யாதும் இருந்ததில்லை. ஆனால், பத்தாண்டு பள்ளியில் இருந்த ஒரு பிள்ளையைப் பற்றி அப்பள்ளி சான்றாகக் காட்டக்கூடியது இரண்டு தேர்வும் வருகைக் கணக்குமே எனின், நாம் ஒரே தூணின்மேல் வீடு கட்டினோம் என்பது வெளியாகின்றதன்றோ? அரையாண்டுத் தேர்வை அசட்டையாக எழுதி, பொதுத்தேர்வுக்கென ஊக்கத்தைச் சேர்த்து வைத்திருந்த பிள்ளைகள் பலர். அவர்தம் உழைப்பைக் காட்டும் ஏடு ஒன்றும் இருந்ததில்லை.

இரண்டாவது, நம் கல்லூரிக்கு அணித்தே நிகழ்வது. சென்னை மாநகரின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, 2000ஆம் ஆண்டு முதலாகக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய தென்புற ஊர்களில் குடியேற்றப்பட்டு வருகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அடையாற்றங் கரையினின்றும் கூவக் கரையினின்றும் பெயர்க்கப்பட்டோர் மிகப் பலர். கல்வியாண்டின் நடுவே இடம் பெயர்ந்த பிள்ளைகளும் அவருள் உண்டு. அவரேயன்றி, கட்டட வேலைக்காகப் பழைய மாமல்லபுரச் சாலையை நாடி வரும் வடநாட்டுத் தொழிலாளர் மக்களும் இப்பகுதிப் பள்ளிகளில் வந்து சேர்கின்றனர். இத்தகைய பிள்ளை புதிய பள்ளியின் வாயிலில் நிற்கும்போது அதன் கையில் இருப்பது மாற்றுச் சான்றிதழ் ஒன்றே. சிலர்க்கு அதுவும் இல்லை. அச்சான்றிதழ் பெயரும், பிறந்த நாளும், பயின்ற வகுப்பும், ஒழுக்கமும் கூறும். அப்பிள்ளை கூட்டலில் வல்லதா, கழித்தலில் தடுமாறுமா, எத்துணை வரி படிக்கும், எதனைக் கண்டால் அதன் கண் மலரும் என்பவற்றுள் ஒன்றும் கூறாது. புதிய ஆசிரியர் அதனை அறிதற்கு இரண்டு மூன்று திங்கள் ஆகும். நாற்பது பிள்ளைகளிடையே அறியாமலே ஆண்டு கழிதலும் கூடும். அறியப்படாத பிள்ளை பின் வரிசைக்குச் செல்லும். பின் வரிசையினின்று வீட்டிற்குச் செல்லும். பின்னர்ப் பள்ளிக்கு வாராது. ஐந்து தாள் கொண்ட ஒரு திரட்டேடு அதன் கையில் இருக்குமாயின், முதல் நாளிலேயே ஆசிரியர் அதனை அறியத் தொடங்கலாம். இதுவே திரட்டேட்டின் தலையாய தொழில். தேர்வு தீர்ப்புக் கூறுவது. திரட்டேடு சாட்சி கூறுவது. சாட்சியின்றித் தீர்ப்பு அமைதலும், சாட்சியே தீர்ப்பாதலும் ஒருங்கே தவறாம்.

செய்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சேலையூர் ஏரிக்கு அருகே ஏழாம் வகுப்புப் பயிலும் மாணாக்கி ஒருத்தியைக் கருதுவோம். ஏரியின் நீர் எப்படிக்கல் வரை நிற்கின்றது என்று திங்கள்தோறும் ஒருமுறை அவள் பார்த்துக் குறிக்கின்றாள். ஆடியில் எழுதிய முதற் குறிப்பில் 'தண்ணீர் குறைவு' என்ற இரண்டு சொல்லே உண்டு. ஐப்பசிக் குறிப்பில் அளவும் நாளும் உண்டு. மார்கழிக் குறிப்பில் மழையின் அளவோடு நீரின் உயர்வை ஒப்பிட்டு வரைந்த கட்டம் உண்டு. பருவ முடிவில் இம்மூன்றையும் அவள் தெரிந்தெடுக்கின்றாள். 'முதலில் எழுதியது ஒருவர்க்கும் பயன்படாது. அளவு இல்லாமையால்' என்று தானே எழுதி வைக்கின்றாள். அவ்வொரு வரி பத்து மதிப்பெண்ணினும் மிக்க பயனுடையது. அளவையின் இன்றியமையாமையை அவள் பிறர் கூறக் கேட்டாளல்லள், தானே கண்டாள். இனி அவள் அதனை மறவாள். மொழிப்பாடத்தில் இவ்வாறே ஒரு கட்டுரையின் முதல் எழுத்தும், ஆசிரியர் குறியிட்ட படியும், திருத்திய படியும் ஒருங்கு வைக்கப்படும். கணக்கில் பிழையாகச் செய்து பின் சரியாகச் செய்த ஒன்று வைக்கப்படும். அழகிய கையெழுத்தில் படியெடுத்தது மாத்திரம் இருத்தல் ஆகாது.

நாள் குறித்தல் இன்றியமையாதது. தாவரவியல் பயிலும் நம் நண்பர்கள் செடியை உலர்த்தித் தாளில் ஒட்டி, அதன் பெயரும், கண்ட இடமும், எடுத்த நாளும், எடுத்தோன் பெயரும் எழுதுவர். இவை இல்லாவிடின் அது வெறுஞ்சருகே. நாளிடாத திரட்டேடும் அன்னதே, வளர்ச்சி காட்டமாட்டாது. அளவும் வேண்டும். ஒரு பருவத்திற்கு ஐந்து அல்லது ஆறு தாளின் மிகாதிருத்தல் நன்று. மிகுந்தால் பிள்ளைக்குத் தெரியும் வேலை இல்லையாம்; ஆசிரியர்க்குப் படிக்க நேரம் இல்லையாம்.

ஆசிரியர்க்கு இது சுமையாகாதோ எனின், கணக்கிட்டுப் பார்ப்போம். நாற்பது மாணாக்கர் உள்ள வகுப்பில் ஒருவர்க்குப் பருவத்தில் ஒருமுறை 15 நிமிடம் உடனிருந்து படிப்பதாயின், மொத்தம் 600 நிமிடம், அஃதாவது 10 மணி நேரம் ஆகும். வாரத்திற்கு நால்வராகக் கொள்ளின், வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து வாரத்தில் முடியும். இந்நேரம் வகுப்பட்டவணையிலேயே ஒதுக்கப்படுதல் வேண்டும். ஆசிரியரது ஓய்வு வேளையினின்று பறிக்கப்படுதல் ஆகாது. இதற்கீடாக, இப்போது ஆசிரியர் நிரப்பும் பதிவேடுகளும் கைப்பேசியில் ஏற்றும் விவரங்களும் சில குறைக்கப்படல் வேண்டும். ஒன்றைக் கூட்டி ஒன்றைக் குறையாவிடின் எந்தச் சீர்திருத்தமும் நிலையாது.

இனி, இம்முறையின்மேல் கூறப்படும் தடைகள் சிலவற்றை விடுப்போம். பிறர் செய்ததனைத் தனதெனக் காட்டலாமே என்பது முதற்றடை. இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் நொடிப்பொழுதில் கட்டுரை எழுதித் தருவதால் இத்தடை வலிமை மிக்கது. முடிந்த கட்டுரையை மாத்திரம் கேட்பின் பொறி வெல்லும். வகுப்பறையில் கைப்பட எழுதிய முதற் படியையும், அதன் அடித்தல் திருத்தல்களையும், அவற்றின் காரணத்தை நேரில் உரைத்தலையும் கேட்பின், பிறர் செய்தது எளிதில் வெளிப்படும். பொறிக்கு அஞ்சுவார்க்குத் திரட்டேடு பகையாகாது, துணையேயாம்.

செல்வர் வீட்டுப் பிள்ளையின் திரட்டேடு பளபளக்கும், வறியவன் திரட்டேடு மங்கும் என்பது இரண்டாவது. உண்மை. இதற்குத் தீர்வு எளியது: பள்ளியிலேயே செய்தது, பள்ளிக் குறிப்பேட்டுத் தாளிலேயே இருத்தல் வேண்டும், வண்ணத் தாளும் கட்டடமும் விலக்கப்படல் வேண்டும். பன்னிரண்டு ரூபாய்க் கோப்பு ஒன்றும் வாங்க இயலாத வீடும் உண்டு ஆதலின், பழைய நாட்காட்டி அட்டை இரண்டும் ஒரு நூற்கயிறும் போதும் என விதித்தல் நன்று.

தாள் அழியுமே என்பது மூன்றாவது. 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய ஊர்களில் பாடநூலும் சான்றிதழும் நீரில் மூழ்கியதனை இப்பகுதியார் மறந்திலர். இழந்த சான்றிதழ்களுக்கு மாற்றுப்படி வழங்க அரசினர் முகாம்கள் நடத்தவேண்டியதாயிற்று. பள்ளியில் உயர்ந்த அடுக்கில் வைத்தலும், பருவத்திற்கு ஒருமுறை கைப்பேசியிற் படம் எடுத்து வைத்தலும் இவ்விடரை நீக்கும். அப்படங்கள் பள்ளிக்கும் பெற்றோர்க்கும் உரியனவாய் இருத்தல் வேண்டும், விளம்பரத்திற்கு ஆகா. ஒரு குழந்தையின் பிழை நிறைந்த முதற் படியை ஊரார் பார்க்கப் பரப்புதல் அக்குழந்தைக்குச் செய்யும் தீங்காகும்.

மதிப்பெண் இல்லாவிடின் ஒருவரும் செய்யார் என்பது நான்காவது தடை. வளரறி மதிப்பீட்டின் வரலாறு இதற்கு விடை கூறும். செயலுக்கு இருபது மதிப்பெண் இருந்தது. செயல் கடைக்குப் போயிற்று. ஆதலின் திரட்டேட்டைப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு கூட்டாதிருத்தலே நலம். அதற்குரிய கூலி வேறு. பருவத்திற்கு ஒரு நாள் பெற்றோரை அழைத்து, பிள்ளையே தன் ஏட்டை அவர்க்குப் படித்துக் காட்டச் செய்தல் வேண்டும். எழுத்தறியாத தாயும் தன் மகள் கூறக் கேட்டு அவள் கல்வியை அறிவாள். 'தொண்ணூற்றொன்று, ஏ1' என்ற எழுத்து அவளுக்கு ஒன்றும் உணர்த்தாது. 'ஆடியில் இப்படி எழுதினேன், மார்கழியில் இப்படி எழுதினேன்' என்று மகள் காட்டுவது அவளுக்கு நன்கு விளங்கும்.

2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒரே வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பகுத்துக் கற்பிக்கும் முறை வந்தது. ஒரு வகுப்பில் இருப்பார் அனைவரும் ஒரு பதத்தினர் அல்லர் என்பதனை அரசினரே ஒப்புக்கொண்டது மகிழ்தற்குரியது. அரும்பு மொட்டாயது எந்நாளில், எதனால் என்பதனைக் காட்டும் ஏடு ஒவ்வொரு குழந்தைக்கும் இருப்பின் அம்முறை மேலும் நிறைவு பெறும்.

நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் இந்நகர்ப்புறப் பள்ளிகளில் ஆசிரியராயிருக்கின்றனர். நம்முள் சிலர் மாலை வேளைகளில் சிறார்க்குப் பாடஞ் சொல்லி வருகின்றனர். இன்னுஞ் சிலர் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்ல இருக்கின்றனர். அவர்கள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு வகுப்பில், ஒரு பாடத்தில், ஒரு பருவத்திற்கு இதனைச் செய்து பார்க்கலாம். வேண்டுவன இரண்டு அட்டை, ஒரு கயிறு, ஐந்து தாள், வாரத்தில் ஒரு மணி நேரம். அடுத்த ஆண்டில் அவ்வகுப்பினின்று ஒரு பிள்ளை வேற்றூர்ப் பள்ளிக்குச் செல்ல நேரின், மாற்றுச் சான்றிதழோடு அவ்வேட்டையும் அதன் கையிற் கொடுத்தனுப்புக.